சிங்கப்பூர் ஆற்றுப் படகுச் சுற்றுலா

சிங்கப்பூர் ஆற்றுப் படகுச் சுற்றுலா என்பது சிங்கப்பூர் நகரின் நடுவே ஓடும் சிங்கப்பூர் ஆற்றிலும், அது சென்று சேரும் மரினா பே எனும் குடாவிலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுப் பயணம் ஆகும். கிளார்க் கீ படகுத்துறையில் தொடங்கி, ஆற்றின் போக்கில் அதன் முகத்துவாரம் வரை சென்று, குடாவைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வழக்கமான பயணத்துக்கு ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஆகின்றன.

இப்பயணத்துக்குப் பயன்படும் மரப்படகுகள் "பம்போட்" என அழைக்கப்படுகின்றன. இவை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதே ஆற்றில் அரிசி, ரப்பர், மிளகு, தகரம் முதலியவற்றை ஏற்றிச் சென்ற சரக்குப் படகுகளின் வடிவைப் பின்பற்றியவை. அச்சரக்குப் படகுகள் 1983ஆம் ஆண்டில் அரசு ஆணைப்படி ஆற்றிலிருந்து அகற்றப்பட்டன. அவை அகன்ற பின்னரே ஆறு தூய்மையாகிச் சுற்றுலாவுக்கு உரியதாயிற்று. ஆகவே இப்பயணத்தைப் புரிந்துகொள்ள, கரையில் தெரியும் கட்டடங்களின் வரலாற்றோடு படகுகளின் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

அமைவிடம்

பெயருக்கு ஆறு எனினும் இது மிகச் சிறிய நீரோட்டம். கிம் செங் பாலத்தில் தொடங்கும் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 3 கி.மீ. மட்டுமே. அப்பாலத்துக்கு மேற்பட்ட பகுதி அலெக்சாண்டிரா கால்வாய் எனப்படுகிறது. காவிரியையோ தாமிரபரணியையோ கண்டு பழகியவர்களுக்கு இதனை ஆறு என்று அழைப்பது வியப்பளிக்கலாம். எனினும் நகரம் தோன்றியதும் வளர்ந்ததும் இதன் கரைகளில்தான்.

கரையோரப் பகுதிகள், கடல் பக்கத்திலிருந்து மேல்நோக்கி, போட் கீ, கிளார்க் கீ, ராபர்ட்சன் கீ என மூன்றாக வழங்கப்படுகின்றன. "கீ" என்பது சரக்கு ஏற்றி இறக்கும் துறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. இன்று மூன்று இடங்களிலும் சரக்கு எதுவும் இறங்குவதில்லை.

வரலாறு

1819ஆம் ஆண்டு சனவரியில் பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனியைச் சேர்ந்த ஸ்டாம்போர்டு ராஃபிள்ஸ் இங்கு வந்தபோது, ஆற்று முகத்தில் ஒரு மலாய்க் குடியிருப்பும், படகுகளையே வீடாகக் கொண்ட ஒராங் லாவுட் எனும் கடலோடி மக்களும் இருந்தனர். அவ்வாண்டு பெப்ரவரி 6ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையின் வழி பிரித்தானிய வணிகத்தளம் நிறுவப்பட்டது. வடகரை உயரமாக இருந்ததால் அரசு அலுவலகங்களுக்கு ஒதுக்கப்பட்டது. தென்கரையோ சதுப்பு நிலம். 1822இல் மீண்டும் வந்த ராஃபிள்ஸ், அருகிலிருந்த குன்று ஒன்றை வெட்டி அம்மண்ணைக் கொண்டு சதுப்பை மேடாக்கச் செய்தார். குன்று இருந்த இடம் வணிகச் சதுக்கமாகிப் பின்னர் ராஃபிள்ஸ் பிளேஸ் எனப் பெயர் பெற்றது. மேடாக்கப்பட்ட கரையே இன்றைய போட் கீ.

இவ்விடத்தில் ஆறு வயிறு பருத்த கெண்டை மீனைப் போல வளைந்து அகன்றிருப்பதால், அங்குக் கடை வைப்போருக்குச் செல்வம் சேரும் என்பது சீன வணிகர்களின் நம்பிக்கை. நம்பிக்கையின் பயனோ, வரியில்லாத் துறைமுகம் என்பதன் பயனோ, 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு போட் கீயிலேயே நடைபெற்றது.

பெரிய கப்பல்கள் ஆற்றினுள் வர இயலாது. அவை வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கைச் சுமக்கச் சிறு படகுகள் தேவைப்பட்டன. தமிழகக் கடற்கரைத் துறைமுகங்களில் தோணிகள் செய்த வேலையை இங்குத் தொங்கான், துவாக்கோ எனும் இருவகைப் படகுகள் செய்தன. கரையை அடைந்ததும், படகிலிருந்து படித்துறைக்குப் போடப்பட்ட குறுகிய பலகையின் மீது கூலித் தொழிலாளர்கள் மூட்டைகளை முதுகில் சுமந்து நடந்து, கரையோரக் கிடங்குகளில் அடுக்கினர். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு குச்சி கொடுக்கப்படும். மாலையில் குச்சிகளை எண்ணிக் கூலி கணக்கிடப்பட்டது.

தமிழ்ப் படகோட்டிகள்

தொடக்க காலத்தில் இச்சரக்குப் படகுத் தொழில் பெரும்பாலும் சூலியாக்கள் கையில் இருந்தது என்பது தமிழர் பலரும் அறியாத செய்தி. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முசுலிம்களே மலாய் உலகில் சூலியா என அழைக்கப்பட்டனர். தொங்கான்களை ஓட்டியவர்களில் இவர்களே முதன்மையானவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹொக்கியன், தியோச்சூ வகுப்புகளைச் சேர்ந்த சீனர்கள் துவாக்கோ படகுகளுடன் இத்தொழிலில் நுழைந்து, அந்நூற்றாண்டு முடிவதற்குள் அதனைத் தம் வசமாக்கிக் கொண்டனர். அதன் பிறகு ஆற்றுப் படகு என்றாலே சீனர் படகு என்னும் நிலை உருவாயிற்று. இன்று சுற்றுலாப் படகில் காணப்படும் தோற்றமும் அந்தச் சீனப் படகின் தோற்றமே. சூலியாக்களின் நினைவாக இருப்பது, போட் கீக்குப் பின்னால் செல்லும் சூலியா தெருவின் பெயரும், தெற்குப் பாலச் சாலையில் அவர்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் ஆகும்.

சூலியா தெருவை அடுத்த மார்க்கெட் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது ஒரே நீண்ட கூடத்தில் பல செட்டியார்கள் தத்தம் கைப்பெட்டியுடன் தரையில் அமர்ந்து வட்டித்தொழில் நடத்திய இடம். படகு வாங்கவும் சரக்கு வாங்கவும் வங்கிக் கடன் கிடைக்காத சிறு வணிகர்கள் இங்கு வந்தனர். அக்கிட்டங்கிகள் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. செட்டியார்களில் தொடங்கி இக்கால நிதித்துறையினர் வரை காட்டும் வெண்கலச் சிற்பத் தொகுதி ஒன்று எதிர்க்கரையில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு முன் வைக்கப்பட்டுள்ளது.

ஆறு மாசடைதலும் தூய்மைப்படுத்தலும்

1869இல் சூயசு கால்வாய் திறக்கப்பட்ட பின் நீராவிக் கப்பல்கள் பெருகின. பெருங்கப்பல்கள் மேற்கேயுள்ள புதிய துறைமுகத்தை நாடின. ஆயினும் ஆற்றின் வணிகம் குறையவில்லை. மக்கள்தொகை பெருகப் பெருக, கரைகளில் குடிசைகளும் படகு பழுதுபார்க்கும் பட்டறைகளும் தெருக்கடைகளும் நெருங்கின. வடிநிலத்தின் மேற்பகுதிகளில் பன்றி, வாத்துப் பண்ணைகள் இருந்தன. இவை அனைத்தின் கழிவும் ஆற்றில் கலந்தது. நீர் கறுத்து, மீன்கள் அற்றுப்போய், துர்நாற்றம் வீசியது. 1970களில் நகரைக் கடந்து சென்றோர், பாலத்தை அணுகுவதை மூக்கினாலேயே அறிந்துகொண்டதாக நினைவுகூர்வர்.

1977 பெப்ரவரி 27ஆம் நாள், மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பேசிய அப்போதைய பிரதமர் லீ குவான் யூ, சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் பத்தாண்டுகளில் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்று இலக்கு வைத்தார். இவ்விரு ஆறுகளின் வடிநிலம் சேர்ந்து நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எனவே, மிதக்கும் குப்பையை அள்ளுவதோடு பணி முடிந்துவிடவில்லை. கழிவின் தோற்றுவாய்களையே அகற்ற வேண்டியிருந்தது. பண்ணைகள் மூடப்பட்டன. குடிசைவாசிகள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். தெருக்கடைக்காரர்களுக்குக் கழிவுநீர் இணைப்புள்ள உணவங்காடிகளில் இடம் தரப்பட்டது. ஆற்றின் அடியில் படிந்திருந்த சேறு தோண்டி எடுக்கப்பட்டது.

படகுகளின் முறை 1983இல் வந்தது. ஆற்றில் அப்போது இருந்தவை ஏறத்தாழ 800 படகுகள். அவை அனைத்தும் அவ்வாண்டில் மேற்குக் கடற்கரையிலுள்ள பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். படகுத் தொழில் அதற்கு முன்னரே நலிந்திருந்தது. 1972இல் தஞ்சோங் பகாரில் சரக்குப்பெட்டக முனையம் திறக்கப்பட்ட பின், கப்பலிலிருந்து பெட்டகம் பாரந்தூக்கி வழியாக நேரே கரையில் இறங்கியது. இடையில் படகுக்கு வேலையில்லை. ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டமே படகுத் தொழிலை ஒழித்தது என்று சிலர் எழுதுவது முழுமையான விளக்கம் அன்று. அதேவேளை, தொழில் தானே மறைந்தது, யாரும் விரட்டவில்லை என்பதும் சரியன்று. ஆற்றின் அமைதியான நீருக்கென உருவான படகுகளுக்குத் திறந்த கடலை ஒட்டிய புதிய இடம் ஏற்றதாக இல்லை என்பது படகோட்டிகளின் குறை. வாழ்நாள் முழுதும் படகிலேயே கழித்த முதியவர்களுக்கு மாற்றுத் தொழில் தேடுவதும் எளிதாக இருக்கவில்லை. இவர்களின் வாழ்க்கையை வரலாற்றாய்வாளர் ஸ்டீபன் டாப்ஸ் சிங்கப்பூர் ஆற்றின் சமூக வரலாறு குறித்து 2003இல் வெளியான தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

1987 செப்டம்பரில் தூய்மைப் பணி நிறைவுற்றதாக விழா எடுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே சுற்றுலாப் படகுகள் ஓடத் தொடங்கின. போட் கீயின் கடைவீடுகள் 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டன. கிளார்க் கீயின் கிடங்குகள் 1993இல் உணவகங்களாகவும் கேளிக்கை இடங்களாகவும் மறுபிறப்பெடுத்தன.

படகுகள்

பழைய துவாக்கோ அகன்ற வயிறும் குறைந்த மிதவை ஆழமும் கொண்டது. ஆழமற்ற ஆற்றில் நிறைந்த பாரத்துடன் செல்ல இவ்வடிவம் உதவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இயந்திரம் பொருத்தப்படும் வரை, துடுப்பும் ஊன்றுகோலும் கடல்நீரின் ஏற்ற இறக்கமுமே அதனைச் செலுத்தின. முன்பக்கத்தில் இருபுறமும் கண்கள் வரையப்பட்டிருக்கும். படகு தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும், இடரைத் தவிர்க்கும் என்பது நம்பிக்கை. ஒன்றோடொன்று மோதினால் சேதமுறாதிருக்கப் பக்கங்களில் பழைய வண்டிச் சக்கர உறைகள் தொங்கவிடப்பட்டிருந்தன.

இன்றைய சுற்றுலாப் படகில் சரக்கு வைத்த இடத்தில் இருக்கைகளும், மேலே கூரையும், முன்னும் பின்னும் திறந்த வெளியும் உள்ளன. கண்களும் சக்கர உறைகளும் அப்படியே உள்ளன. டீசல் இயந்திரத்துக்குப் பதில் மின்கலத்தால் இயங்கும் மின்னோடி பொருத்தப்பட்டுள்ளதால் இரைச்சலும் புகையும் இல்லை. ஆறு இப்போது குடிநீர்த் தேக்கத்தின் ஒரு பகுதியாதலின் எண்ணெய்க் கசிவு இல்லாமையும் முக்கியமானது. கரையோர இடங்களைப் பற்றிய ஒலிப்பதிவு விளக்கம் பயணத்தின்போது ஒலிபரப்பப்படுகிறது.

பயண வழி

கிளார்க் கீயில் புறப்படும் படகு முதலில் காண்பது ரீட் பாலம். 1889இல் கட்டப்பட்ட இப்பாலத்தில் மாலை வேளைகளில் தியோச்சூ தொழிலாளர்கள் கூடி, கதைசொல்லிகளிடம் சீனப் பழங்கதைகளைக் கேட்பது வழக்கம். எழுதப் படிக்க அறியாத கூலியாட்களுக்கு அதுவே செய்தித்தாளும் நாடகக் கொட்டகையும் ஆகும். இன்றும் இரவில் இளைஞர்கள் இங்கு வந்து அமர்கின்றனர். கதைசொல்லிகள்தாம் இல்லை.

அடுத்து வருவது கோல்மன் பாலம். 1840இல் இவ்விடத்தில் செங்கற்பாலம் அமைத்த கட்டடக்கலைஞர் கோல்மனின் பெயரைத் தாங்கியது. இப்போதுள்ளது நான்காவது பாலம். இதன் இடப்புறத்தில் 1934இல் கட்டப்பட்ட பழைய ஹில் தெருக் காவல் நிலையம் உள்ளது. அதன் 927 சன்னல்களும் வானவில் நிறங்களில் வண்ணம் தீட்டப்பட்டவை. ஒளிப்படக் கருவியுடன் வருவோர் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றனர்.

எல்ஜின் பாலமே ஆற்றின் மிகப் பழைய கடவு. 1820களிலேயே இங்கு மரப்பாலம் இருந்தது. 1862இல் கல்கத்தாவிலிருந்து தருவிக்கப்பட்ட இரும்புப் பாலம் அமைக்கப்பட்டு, இந்தியத் தலைமை ஆளுநர் எல்ஜின் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. இப்போதைய வளைவுப் பாலம் 1929இல் திறக்கப்பட்டது. வடக்குப் பாலச் சாலை, தெற்குப் பாலச் சாலை என்னும் பெயர்களில் உள்ள பாலம் இதுவே. தென்கரைச் சீனர் குடியிருப்பையும், வடகரையில் ஹை தெருவில் கடை வைத்திருந்த இந்திய வணிகரையும் இது இணைத்தது. தெற்குப் பாலச் சாலையில் சிறிது தொலைவு நடந்தால் மாரியம்மன் கோவிலை அடையலாம். 1819இல் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்து, செங்கல் சூளை வைத்து, பின்னர்த் தமிழர் தலைவராக விளங்கிய நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய கோவில் அது.

எல்ஜின் பாலத்தைக் கடந்ததும் ஆறு விரிகிறது. வலப்புறம் போட் கீயின் தாழ்ந்த ஓட்டுக்கூரைக் கடைவீடுகள் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றின் பின்னால் வங்கிகளின் வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. சிங்கப்பூரைப் பற்றிய நூல்களில் மிகுதியாக இடம்பெறும் காட்சி இதுவாகத்தான் இருக்கும். கடைவீடுகளின் தரைத்தளங்களில் இன்று உணவகங்களும் மதுக்கூடங்களும் உள்ளன. முன்பு மூட்டைகள் ஏறிய படிகள் கரையில் பல இடங்களில் இன்னும் இருக்கின்றன. படகு மெதுவாகச் செல்லும்போது அவற்றைக் காணலாம்.

இடப்புறத்தில் நாடாளுமன்றமும், அதனை அடுத்து 1827இல் கட்டப்பட்ட பழைய நாடாளுமன்றக் கட்டடமும் உள்ளன. அதன் அருகே, ராஃபிள்ஸ் கரையிறங்கியதாகக் கருதப்படும் இடத்தில் அவரது வெண்ணிறச் சிலை நிற்கிறது. இது 1972இல் வைக்கப்பட்ட படி. 1887ஆம் ஆண்டின் மூல வெண்கலச் சிலை சற்றுத் தொலைவில் விக்டோரியா அரங்கின் முன் உள்ளது. 2019 சனவரியில், ராஃபிள்ஸ் வருகையின் இருநூறாம் ஆண்டையொட்டி, வெண்ணிறச் சிலையின் பக்கத்தில் வேறு நால்வரின் சிலைகள் தற்காலிகமாக வைக்கப்பட்டன. பழைய சிங்கப்பூர் அரசை நிறுவியதாக மரபு கூறும் சங் நீல உத்தமன், மலாய் அறிஞர் முன்சி அப்துல்லா, சீன வணிகர் டான் டோக் செங், நாராயண பிள்ளை ஆகியோரே அந்நால்வர். நகரை ஒருவரே தோற்றுவித்தார் என்னும் பழைய கதைக்கு இது ஒரு திருத்தமாக அமைந்தது. சிறிது காலத்துக்காவது படகில் சென்றோர் ஐந்து சிலைகளைக் கண்டனர்.

கேவனா பாலத்தை அணுகும்போது, படகில் எழுந்து நிற்போர் அமர்ந்துகொள்வது நல்லது. பாலம் அவ்வளவு தாழ்வானது. 1869இல் அமைக்கப்பட்ட இத்தொங்குபாலத்தின் இரும்புப் பகுதிகள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வார்க்கப்பட்டு இங்குக் கொண்டுவந்து பொருத்தப்பட்டன. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்குச் சிறையிருந்த கைதிகளின் உழைப்பால் எழுந்த கடைசிப் பெரிய கட்டுமானம் இதுவே எனப்படுகிறது. கடல்நீர் ஏறியிருக்கும்போது பாலத்தின் அடியில் படகு நுழைய இடமிராது. நீர் இறங்கிய வேளையிலோ ஆறு ஆழமற்றுப் போய்ப் படகு சேற்றில் தட்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில மணி நேரத்துக்காகப் படகோட்டிகள் காத்துக்கிடந்தனர். சாலைப் போக்குவரத்துக்கும் பாலம் போதாமையால் 1910இல் பக்கத்தில் ஆண்டர்சன் பாலம் கட்டப்பட்டது. அதன்பின் கேவனா பாலம் நடப்போருக்கு மட்டும் உரியதாயிற்று. மாடுகளும் குதிரைகளும் பாரவண்டிகளும் செல்லக்கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்னும் அங்கே உள்ளது.

பாலத்தின் தென்முனையில், ஐந்து சிறுவர்கள் ஆற்றில் குதிப்பதாக அமைந்த வெண்கலச் சிற்பத்தைப் படகிலிருந்தே காணலாம். சிற்பி சோங் பா சியோங் 2000இல் அமைத்த இது, கூலித் தொழிலாளர் பிள்ளைகள் ஆற்றில் விளையாடிய காலத்தை நினைவூட்டுகிறது. அருகிலுள்ள பெரிய தூண்களுடைய கட்டடம் 1928இல் கட்டப்பட்ட புல்லர்டன் கட்டடம். நெடுங்காலம் தலைமை அஞ்சலகம் இங்கு இயங்கியது. 2001 முதல் தங்குவிடுதியாக உள்ளது.

இவ்விடத்தில்தான் ஒருகாலத்தில் "சிங்கப்பூர்க் கல்" நின்றது. மூன்று மீட்டர் அளவு உயரமும் ஏறத்தாழ ஐம்பது வரி எழுத்துகளும் கொண்ட அப்பாறையை 1843இல் ஆங்கிலேயப் பொறியாளர்கள் வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. அதன் எழுத்துகள் இன்றுவரை உறுதியாகப் படிக்கப்படவில்லை. அதில் "பரகேசரி" எனும் சோழர் பட்டத்தின் ஒரு பகுதி உள்ளதாக 2019இல் ஆய்வாளர் ஒருவர் கருத்து வெளியிட்டார். அது ஒரு கருதுகோளே. முதலாம் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்போடு இதனை இணைத்து உறுதியான வரலாறாக எழுதுவதற்கு இப்போதைய சான்றுகள் போதா.

ஆண்டர்சன் பாலத்தையும் 1997இல் கட்டப்பட்ட எஸ்பிளனேடு பாலத்தையும் கடந்ததும் படகு குடாவுக்குள் நுழைகிறது. சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை வலப்புறம் நீரை உமிழ்ந்துகொண்டு நிற்கும். 8.6 மீட்டர் உயரமுள்ள இச்சிலை 1972இல் ஆற்று முகத்தில் வைக்கப்பட்டது. எஸ்பிளனேடு பாலம் வந்த பின் கடலிலிருந்து பார்வைக்கு மறைந்ததால் 2002இல் 120 மீட்டர் நகர்த்தி இப்போதைய இடத்தில் நிறுவப்பட்டது. குடாவில் படகு திரும்புமுன், ஒரு பக்கம் 2002இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேடு அரங்கின் முள்ளுறைக் கூரைகளையும், மறுபக்கம் 2010இல் திறக்கப்பட்ட மரினா பே சேண்ட்ஸ் விடுதியின் மூன்று கோபுரங்களையும் காணலாம். அக்கோபுரங்கள் நிற்கும் நிலம் முன்பு கடல். பழைய தொங்கான்கள் கப்பலைத் தேடிச் சென்ற திறந்த கடல், நிலமீட்பால் இப்போது குடாவாகச் சுருங்கியுள்ளது.

மரினா அணைக்கட்டும் நீர்மட்டமும்

2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு, குடா கடலோடு சேரும் 350 மீட்டர் அகலமுள்ள கால்வாயின் குறுக்கே அமைந்துள்ளது. ஒன்பது எஃகு மதகுகளும் ஏழு நீரேற்றிகளும் உடையது. மழையின்போது கடல்மட்டம் தாழ்ந்திருந்தால் மதகுகளைத் தாழ்த்தி மிகைநீரை வெளியேற்றலாம். கடல்மட்டம் உயர்ந்திருந்தால் மதகுகள் மூடப்பட்டு நீரேற்றிகள் நீரைக் கடலுக்குத் தள்ளும். சைனாடவுன் முதலிய தாழ்ந்த பகுதிகளில் வெள்ளத்தைக் குறைப்பதும், குடிநீர் சேமிப்பதும் இதன் நோக்கங்கள். அணை மூடப்பட்டபின் உள்ளிருந்த உப்புநீர் மழைநீரால் படிப்படியாக மாற்றப்பட்டது. 2010இல் மரினா நீர்த்தேக்கம் நாட்டின் 15ஆவது நீர்த்தேக்கமாயிற்று.

படகுப் பயணத்துக்கு இதன் விளைவு நேரடியானது. ஆற்றில் இப்போது கடலின் ஏற்ற இறக்கம் இல்லை. நீர்மட்டம் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவில் வைக்கப்படுவதால், படகுகள் காலை முதல் இரவு வரை நேர அட்டவணைப்படி ஓடுகின்றன. கேவனா பாலத்தடியில் காத்திருக்கும் தேவை ஒழிந்தது. ஆனால் அப்பாலம் படகோட்டிகளுக்கு ஏன் இடராக இருந்தது என்பதை இன்றைய பயணி கண்ணால் கண்டு உணர இயலாது. அதனை எவரேனும் சொல்லித்தான் அறிய வேண்டும்.

உயிரினங்களும் திரும்பியுள்ளன. மீன்கள் மட்டுமன்றி, 2010களில் நீர்நாய்க் கூட்டங்கள் மரினா குடாவிலும் ஆற்றிலும் குடியேறின. பயணத்தின்போது அவை தென்பட்டால் படகில் உள்ளோர் அனைவரும் ஒரே பக்கம் சாய்வர்.

கருத்து வேறுபாடுகள்

ஆற்றைத் தூய்மைப்படுத்தியது உலக அளவில் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. கூவத்தைத் தூய்மைப்படுத்துவது பற்றிச் சென்னையில் பேசப்படும்போதெல்லாம் சிங்கப்பூர் ஆறு குறிப்பிடப்படுவதும் உண்டு. இவ்வொப்பீடு ஓரளவுக்கே பொருந்தும். சிங்கப்பூரில் வடிநிலம் முழுதும் ஒரே அரசின் கீழ் இருந்தது. குடிசைகளை அகற்றுமுன் மாற்று வீடுகளைக் கட்டித்தரும் வீட்டுவசதிக் கழகம் அதற்கு முன்பே வலுவாக இயங்கிவந்தது. வீடு கட்டும் பணியே பெரும்பங்கு, ஆற்றில் இறங்கிச் செய்தது சிறுபங்கு.

மறுபுறம், கட்டடங்கள் காக்கப்பட்டு அவற்றில் வாழ்ந்தோரும் உழைத்தோரும் அகற்றப்பட்டனர் என்பது ஆற்றங்கரைச் சீரமைப்பு பற்றிய முதன்மையான குறைகூறல். கரையெங்கும் உள்ள வெண்கலச் சிற்பங்களில் கூலியாட்களும் மாட்டுவண்டியும் வணிகரும் இடம்பெறுகின்றனர். ஒலிப்பதிவு விளக்கங்கள் இயல்பாகவே கட்டடங்களையும் ஆளுநர்களின் பெயர்களையும் முன்னிறுத்துகின்றன. பாலங்களுக்குப் பெயர் தந்தோர் பெரும்பாலும் ஆளுநர்களும் வணிகர்களும் அரசியல்வாணருமே. படகோட்டி ஒருவரின் பெயரும் எந்தப் பாலத்துக்கும் இல்லை.

பயணிகளுக்கான குறிப்புகள்

கிளார்க் கீ தவிர வேறு சில துறைகளிலும் ஏறி இறங்கலாம். மாலை ஆறு மணிக்குப் பின் கூட்டம் மிகுதி. கட்டடங்களையும் பாலங்களின் அமைப்பையும் நன்கு காண விரும்புவோர் முற்பகலில் செல்வது ஏற்றது. விளக்கொளி காண விரும்புவோர் இருட்டிய பின் செல்லலாம். பிற்பகல்களில் இடியுடன் கூடிய மழை திடீரெனப் பெய்வது இங்கு வழக்கமாகையால் குடை வைத்திருப்பது நலம்.

பெரும்பாலான சுற்றுகள் கிளார்க் கீக்குக் கீழேயே நிகழ்வதால் மேற்பகுதியை நடந்துதான் காண வேண்டும். ஓர்டு பாலம் 1886ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிரான்சியத் தலைவர் கிளெமன்சோவின் பெயரைக் கொண்ட பாலம் 1940இல் கட்டப்பட்டது. அதற்கு மேலே ஆற்றின் நடுவே புலாவ் சைகோன் என்னும் சிறு தீவு இருந்தது. அது கரையோடு சேர்க்கப்பட்டுவிட்டது. இப்போது ஒரு பாலத்தின் பெயராக மட்டும் எஞ்சியுள்ளது. தொங்கான் படகின் வடிவில் 1997இல் கட்டப்பட்ட அல்காஃப் பாலத்துக்கு, 2004இல் பிலிப்பைன்சு ஓவியர் பசிட்டா அபாட் 55 நிறங்களில் 2,350க்கும் மேற்பட்ட வட்டங்களை வரைந்து வண்ணமூட்டினார். கிளார்க் கீயிலிருந்து அங்கு நடந்து செல்ல ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும். கரையின் இருபுறமும் நடைபாதை உள்ளது.